ஏழாம் வகுப்புக்குச் சட்டம் சொல்லப் போனேன்

சட்டம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. கணக்கு வாத்தியார் தப்பாகக் கூட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதோடு சரி. சட்டம் சொல்லிக்கொடுக்கிறவர் தப்பு செய்தால், அவர் நடத்திய பாடத்தை வைத்தே அவரை மடக்குவார்கள். வகுப்பறையில் தொண்டை வற்றியவர்கள், வீட்டில் வாயாடிப் பிள்ளையை வைத்திருப்பவர்கள், "ஏன்" என்ற வார்த்தையைக் கேட்டாலே நெற்றிப்பொட்டில் வலி எடுக்கிறவர்கள், எல்லோரும் கிட்டே வாருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பி.எல். படித்தவள். காஞ்சிபுரத்தில் ஒரு சீனியரிடம் மூன்று வருடம் கேஸ் கட்டு தூக்கினேன். கல்யாணம் ஆனதும், வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை என்பதால் படப்பைக்குக் குடிவந்தோம். மகள் பிறந்த பிறகு கோர்ட்டுக்குப் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு அறக்கட்டளை ஆள் தேடுவதாகத் தெரிந்தது. சட்டக் கல்லூரியில் இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், சட்டத்தையும் அரசாங்கத்தையும் பற்றி இங்கிலீஷில் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர். அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து, அந்தக் கருத்துகளைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி தமிழில் பன்னிரண்டு பாடமாக்கி இருந்தார்கள். அதை அரசுப் பள்ளிகளில் போய் நடத்த வேண்டும். எனக்குக் கிடைத்தது வடக்குப்பட்டைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு, புதனும் வெள்ளியும். 2010 ஜூனில் சேர்ந்தேன்.

பேராசிரியரின் கருத்துகள் காதில் விழும்போது ரொம்ப எளிமையாகத்தான் இருக்கும். சட்டம் போட்டவரையும் அந்தச் சட்டம் கட்டும். முன்கூட்டிச் சொல்லாத விதிக்குத் தண்டனை கிடையாது. புகார் சொன்னவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது. தண்டிக்கும் முன்னால் கேட்க வேண்டும். அதிகாரம் கையில் இருக்கிறவர் காரணம் சொல்லியாக வேண்டும். இவ்வளவுதானே, மூன்று மாதத்தில் முடித்துவிட்டு மிச்ச நாளுக்குப் படம் வரையச் சொல்லலாம் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

அரசாங்கம் என்றால் யார்

முதல் நாள் முதல் கேள்வி. "அரசாங்கம்னா யாரு?" முதலமைச்சர் என்பார்கள், கலெக்டர் என்பார்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று சாக்பீஸைத் தயாராக வைத்திருந்தேன். முதல் பெஞ்சில் இருந்து வகுப்புத் தலைவி பவித்ரா எழுந்தாள். அவள் அப்பா நிலத்தைக் கொடுத்துவிட்டு, அந்த நிலத்தில் வந்த கம்பெனியின் வாசலிலேயே செக்யூரிட்டியாக நிற்கிறவர். "கம்பெனி மிஸ்" என்றாள். காரணமும் சொன்னாள். ரோடு அகலம் பண்ணியது கம்பெனி லாரி போவதற்கு. கரண்ட் ஊரில் போகும், கம்பெனியில் போகாது. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் டேங்க் கொடுத்ததும் பை கொடுத்ததும் கம்பெனி. அவள் அப்பா எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்று ஷிஃப்ட் போட்டுச் சொல்வதும் கம்பெனி. வகுப்பே தலையாட்டியது.

அரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன். கம்பெனி வேறு, அரசாங்கம் வேறு, எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் செய்வதும் நடத்துவதும் தீர்ப்பதும்தான் அரசாங்கம் என்று போர்டில் மூன்று கட்டம் போட்டேன். அம்புக்குறி போட்டேன். கலர் சாக்பீஸ் தீர்ந்தது. கடைசியில் மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன். பவித்ரா நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். எனக்குப் பரம திருப்தி. உட்காரப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னாள்:

"இது பரீட்சைக்கு மிஸ். நான் மொதல்ல சொன்னது ஊருக்கு."

அதிகாரத்தைப் பிரித்த கதை

எல்லா அதிகாரமும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது மூன்றாவது பாடம். வகுப்பை மூன்று வரிசையாகப் பிரித்தேன். ஒரு வரிசை சட்டம் செய்யும், ஒரு வரிசை நடத்தும், ஒரு வரிசை தீர்ப்புச் சொல்லும். யாருக்கும் சட்டம் செய்ய விருப்பமில்லை. நடத்துகிற வரிசைக்கு மர ஸ்கேல் தருவேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டதால் எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடிப் பிரித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது.

சட்டசபை பத்து நிமிடத்தில் முதல் சட்டத்தைப் போட்டது: புதன்கிழமை வீட்டுப்பாடம் கிடையாது. ஸ்கேல் வைத்திருந்தவர்கள் உடனே கிளம்பி, வீட்டுப்பாடம் எழுதி வந்த ஒரு அப்பாவியைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நீதிபதி வரிசையில் அவனுடைய சித்தப்பா பெண் இருந்தாள். விசாரிக்காமலே விடுதலை. சட்டசபைக்குக் கோபம் வந்து நீதிபதிகளை வேலையைவிட்டு நீக்கி இரண்டாவது சட்டம் போட்டது. நீக்கப்பட்டவர்கள் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். ஸ்கேல்காரர்கள் இரண்டு பக்கமும் போட ஆரம்பித்தார்கள். அப்போது தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். ரிட்டயர் ஆக மூன்று வருடம் இருந்த மனுஷர், ரொம்ப சாது. அவருக்கு உலகத்தில் இரண்டு பயம்தான்: ஒன்று ஆபீசர், இன்னொன்று சத்தம். "அதிகாரத்தைப் பிரிச்சுக் காட்டறேன் சார்" என்றேன். உள்ளே ஒரு தடவை பார்த்தார்.

"பிரிச்சது போதும்மா. எல்லாத்தையும் சேத்து ஒரே ஆள்கிட்ட குடுத்துடுங்க, பக்கத்து கிளாஸ்ல பரீட்சை நடக்குது."

ஐந்து நிமிடம்

தாமதமாக வருகிறவர்கள் ஐந்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும். இது வகுப்பே சேர்ந்து போட்ட விதி. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அடுத்த புதன்கிழமை ஒரகடம் கூட்ரோட்டில் ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றன. நான் வந்த ஷேர் ஆட்டோ இஞ்ச் இஞ்சாக நகர்ந்தது. பள்ளியை அடைந்தபோது மணி அடித்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. வகுப்பு வாசலில் பவித்ரா கையை நீட்டித் தடுத்தாள். அன்றைக்கென்று கல்வி அலுவலர் வேறு வந்திருந்தார். தலைமையாசிரியர் அவரை அழைத்துக்கொண்டு வராந்தாவில் வருகிறார். நான் கதவுக்கு வெளியே, கையில் பையோடு, சுவரைப் பார்த்து நிற்கிறேன்.

தண்டிக்கும் முன்னால் என் பக்கத்தைக் கேட்க வேண்டாமா என்று கிசுகிசுத்தேன். அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. கேட்டார்கள். கூட்ரோடு, பஸ், ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். கல்வி அலுவலர் நெருங்கிக்கொண்டிருந்தார். உள்ளே தலைகள் ஒன்றாகக் குனிந்து பேசின. பவித்ரா வாசலுக்கு வந்தாள்.

"காரணத்த கேட்டாச்சு மிஸ். இன்னும் மூணு நிமிஷம் கீது."

கேண்டீன் கோட்டோடு வந்த அம்மா

ஒருநாள் பவித்ராவின் அம்மா நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தலைக்கு மாட்டுகிற வலைத்தொப்பி கையில் இருந்தது. "இன்னா டீச்சர் சொல்லிக் குடுக்கறீங்க பசங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். "காத்தால தண்ணி புடிச்சினு வாடின்னு சொன்னா, தம்பி ஏன் புடிக்கக் கூடாது, காரணம் சொல்லுன்றா. அவன் ஆம்பளப் பையன்டின்னேன். அது காரணம் இல்லம்மா, பழக்கம்ன்றா. நானு இன்னா சொல்றது?"

எனக்குள்ளே ஒரே சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, "அவ கேக்கறதுல தப்பு இல்லையேம்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளைகளைப் பேச வைத்தால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று அந்தப் பன்னிரண்டு பாடத்தில் எங்கேயும் எழுதவில்லை. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இறங்கி, வெறும் அலுப்பு மட்டும் முகத்தில் இருந்தது.

"சரியா தப்பான்னு நானு கேக்கல டீச்சர். எட்டு மணி நேரம் சூப்பர்வைசருக்கு பதில் சொல்லிகினு கீறேன், வூட்டுக்கு வந்தா இவளுக்கும் பதில் சொல்லணுமா?"

நான் கேட்காத கேள்வி

இதுவரை சொன்னது எல்லாம் அவர்கள் என்னைப் படுத்தியது. இது நான் படுத்தியது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் வகுப்பில் சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கம். அப்பா வெல்டர், கான்ட்ராக்டில் வந்தவர். மெயின் ரோட்டோரம் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகளில் ஒன்றில் இருந்தார்கள். அவள் பேர் சொன்னாலும் சிரித்தார்கள், அவள் "வாரேன்", "சொல்லுதேன்" என்றாலும் சிரித்தார்கள். அதனால் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமைதியாக ஒரு பிள்ளையாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

வகுப்புச் சுவரில் நான் வரைந்த படம் ஒன்று மாட்டியிருந்தது. அரசாங்கம் ஒரு வீடு, அதற்கு மூன்று வாசல். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தது. என் மகள்கூட ஒரு ஜன்னலுக்குப் பச்சை அடித்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், அது குறுக்கே கிழிந்து பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. வரும்போதே ஷேர் ஆட்டோக்காரரோடு சண்டை, வெயில் வேறு. "யார் செஞ்சது?" என்றேன். "மத்தியானம் சாப்பாட்டு பெல்லுல இசக்கி மட்டும்தான் கிளாஸ்ல இருந்தா மிஸ்" என்றாள் பவித்ரா. எனக்கு அது போதுமானதாக இருந்தது. "வெளிய போய் நில்லு" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். "பேசாதே" என்றேன். இரண்டு பீரியடும் வராந்தாவில் நின்றாள். தண்டிக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்ற பாடத்தை நான் நடத்தி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அடுத்த புதன் அவள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்த புதனும் பெஞ்சில் அவள் இடம் காலி. தலைமையாசிரியரிடம் கேட்டேன். "தெக்கத்தி ஆளுங்க, வேல இருக்கற எடத்துக்குப் போய்க்கினே இருப்பாங்கம்மா. டிசி கேட்டு வருவாங்க பாருங்க" என்றார். அப்புறம் ஏதோ ஃபைலைத் தேடிக்கொண்டே, "உங்க படம் கிழிஞ்சதுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா. சுண்ணாம்பு அடிக்க அளவு பாக்க வந்த ஆளு ஏணிய அது மேல சாச்சிட்டான். அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்" என்றார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் மறந்தார், அவ்வளவுதான். நிற்க வைத்தது நான்.

அன்று வகுப்பு முடிந்ததும் நேராக அந்த வரிசை வீடுகளுக்குப் போனேன். ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் இசக்கி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்தார். "பள்ளிக்கூடம் வேண்டாம்ங்கா டீச்சர். ஊர்ல அவ அத்த வீட்ல கொண்டு விட்ருவோம்னு அவ அப்பா சொல்லுதாவ. அங்க போனா படிப்பாளோ, தீப்பெட்டி ஒட்டப் போவாளோ, தெரியல" என்றார். இசக்கி பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன். படத்தை அவள் கிழிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, தப்பு என்னுடையது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றும் சேர்த்துவிட்டேன். அவள் வெண்டைக்காயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க கேக்கவே இல்லியே மிஸ். கேட்டாத்தான சொல்ல முடியும்."

என் வழக்கு

வெள்ளிக்கிழமை இசக்கி வந்தாள். நடந்தது என் தப்பு என்று வகுப்பில் சொல்லிவிட்டு, சட்டென்று அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம் என்று திட்டம். முதல் பாதி நடந்தது. இரண்டாவது பாதிக்குப் போவதற்குள் பவித்ரா எழுந்தாள். என்னைத்தான் குடையப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் பாக்கல மிஸ். அவ கிளாஸ்ல இருந்தான்னுதான் சொன்னேன். நீங்க திட்டனப்போ நான் பாக்கலன்னு சொல்லியிருக்கணும், சொல்லல" என்றாள். இசக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்து ஒருவன், அப்படியானால் விசாரணை வைக்க வேண்டும் என்றான். என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால் இடித்தது.

இசக்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அது ஒங்க மகளா இருந்தா கேட்டிருப்பீயளா?" பொய் சொல்ல வரவில்லை. "கேட்டிருப்பேன்" என்றேன். அவள் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்காதது அன்றைக்குத்தான் முதல் தடவை. தண்டனை என்ன என்று கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். தோப்புக்கரணம் என்றான் ஒருவன். இன்னொருத்தி வராந்தாவில் இரண்டு பீரியட் என்றாள். கணக்கு அதுதான் சரியாக வருகிறது என்று நானும் எழுந்திருக்கத் தயாரானேன். இசக்கி நோட்டைத் திறந்து ஏதோ எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முன்னாலயே சொல்லாத விதிக்குத் தண்டன கெடயாதுன்னு நீங்கதான் சொன்னிய மிஸ். இப்பம் எழுதியாச்சு, இனிமே கேக்காம தண்டிச்சா மிஸ்ஸுக்கும் உண்டு."

பேராசிரியருக்கு ஒரு கேள்வி

வருடக் கடைசியில் அறக்கட்டளையில் இருந்து ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் பேராசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். பெரும்பாலோர், "நலம், நலமறிய ஆவல், உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று எழுதினார்கள். இசக்கி எழுதியது இரண்டே வரி: "அதிகாரம் உள்ளவங்க காரணம் சொல்லணும்னு எழுதியிருக்கீங்க. சொல்லாட்டா என்ன செய்யணும்?" கொஞ்சம் பணிவாக எழுதச் சொன்னேன். முன்னால் "தயவுசெய்து" என்று சேர்த்துக் கொடுத்தாள். சென்னை ஆபீசில் இருந்து எனக்குத்தான் போன் வந்தது. பிள்ளைகள் சொந்தமாக எழுத வேண்டும், நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று கால் மணி நேரம் உபதேசம். நான் எழுதிக் கொடுத்தேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேராசிரியரிடம் இருந்து ஒரு மாதம் கழித்துப் போஸ்ட் கார்டு வந்தது. கை நடுங்கி எழுதிய எழுத்து. "அன்புள்ள இசக்கி, முதலில் மறுபடியும் கேள். பிறகு எழுதிக் கேள். பிறகு எல்லோர் முன்னாலும் கேள். அதற்கும் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று நாற்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் எனக்கு எழுது." எனக்கு அதைப் படித்துக் கண் கலங்கியது. வகுப்பில் சத்தமாக வாசித்தேன். இசக்கி கார்டை வாங்கி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். பவித்ராவுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"கடைசி கேள்விக்கு அவரு பதிலே எழுதலியே மிஸ். பாதி மார்க்குதான்."

மைதானம்

அடுத்த ஜூனில் அவர்கள் எட்டாம் வகுப்பு. அறக்கட்டளை என்னையும் அவர்களோடேயே அனுப்பியது. பள்ளி மைதானத்தில் டிப்பர் லாரிகள் நிற்க ஆரம்பித்தன. பக்கத்தில் ஏதோ ஷெட் கட்டுகிற கான்ட்ராக்டருடையவை. விளையாட்டுப் பீரியட் வராந்தாவுக்குள் வந்தது. ஒருநாள் ஒரு லாரி பின்னால் எடுக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தாவி விலகியது. பை மட்டும் சக்கரத்தில் மாட்டியது. சோற்று டப்பா தகடாகிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். தலைமையாசிரியர் ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சொன்னார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று பதில் வந்தது. பவித்ராவும் இசக்கியும் போய்க் கேட்டார்கள். இது பெரியவங்க விஷயம் என்று அனுப்பிவிட்டார். மனு எழுதிக் கொடுத்தார்கள். பதிலே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பயந்தேன். உள்ளூர் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று அறக்கட்டளையில் எழுதி வாங்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "பசங்கள அடக்குங்கம்மா" என்றார். "இத்தோட விட்டுடுங்க" என்று வகுப்பில் சொன்னேன். "ஏன் மிஸ்?" என்றாள் இசக்கி. "விடுன்னா விடு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். காரணம் சொல்லாமல் அதிகாரம் செய்வது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, கிராம சபைக் கூட்டம். ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவர் தீர்மானங்களை வாசித்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் பின்வரிசையில் எட்டாம் வகுப்பு மொத்தமும் நிற்பதைக் கண்டேன். பவித்ரா முன்னால் வந்து, "எங்களுக்கு ஓட்டு இல்ல, பேசலாமா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் அப்பா எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் இசக்கி மனுவைப் பிரித்தாள். "அந்தப் பொண்ணு நம்ம ஊரே இல்லியே" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. பவித்ராவின் அம்மா. "ஸ்கூலு நம்ம ஊர்லதான கீது. இன்னா கேக்குதுன்னு கேளுங்களேன்" என்றார். அவர் புருஷன் மகளின் கையை விட்டுவிட்டார்.

இசக்கி அவள் பேச்சிலேயே வாசித்தாள். லாரி நிற்க யார் அனுமதி கொடுத்தார்கள், அந்த உத்தரவை வாசித்துக் காட்ட வேண்டும், உத்தரவு இல்லையென்றால் லாரி ஏன் நிற்கிறது. தலைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். உத்தரவு என்று ஒன்று இருந்தால்தானே வாசிப்பதற்கு. ஒன்றியத்தில் இருந்து வந்த அலுவலர், குறிப்பில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எழுதச் சொல்வதைத் தவிர தலைவருக்கு வேறு வழி இல்லை. ஒரு வாரத்தில் லாரிகள் போய்விட்டன. ஒரு மூலையில் கொட்டிய ஜல்லிக்குவியல் மட்டும் நான் அந்தப் பள்ளியை விட்டுப் போகிற வரைக்கும் அப்படியேதான் கிடந்தது, அதைச் சுற்றி ஓடித்தான் கபடி ஆடினார்கள். கூட்டம் கலைந்ததும் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நின்றேன். தட்டில் இருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"சொல்லிக் குடுங்கம்மா, நான் வேணாங்கல. எலக்‌ஷன் வருது, அது முடியட்டும், அப்புறமா சொல்லிக் குடுங்க."

அடுத்த வருடம் அறக்கட்டளை இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. பவித்ரா ஒன்பதாம் வகுப்புக்கு வாலாஜாபாத் போனாள். இசக்கியின் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை வந்து, முறைப்படி டிசி வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு போனார்கள். பிள்ளைகள் எதிர்த்துப் பேசாமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அவர்களுக்குக் கணக்கு, கராத்தே, கம்ப்யூட்டர் என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம், சட்டத்தை மட்டும் அவர்கள் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.